வடத்தில் ஒரு புராட்டஸ்டண்ட்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன வாரம் ஒரு கையெழுத்துக்காக உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தேன். என் பக்கத்தில் ஒரு பிள்ளை மளமளவென்று படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். ‘காரணம்’ என்ற கட்டம் வந்ததும் ‘ஆக்சிடெண்ட்’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டாள். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அதே சொல்லை அதே கட்டத்தில் நானும் அதே வேகத்தில் எழுதியவன்தான். அதற்காக மூன்று வருஷம் வெயிலில் நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். கப்பல் வேலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே.

இப்போது கப்பல் நேராகக் கரையை ஒட்டி வந்து அணைகிறது. எங்கள் காலத்தில் தூத்துக்குடிக் கடலில் அதற்கு ஆழம் கிடையாது. கப்பல் பல மைல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். சரக்கைத் தோணியில் இறக்கி ஜெட்டிக்குக் கொண்டுவந்து, கப்பியில் வடத்தைப் போட்டு ஆட்கள் இழுத்து மேலே ஏற்ற வேண்டும். நான் அப்போது நாசரேத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். புராட்டஸ்டண்ட் மிஷன் பள்ளி உபதேசியாரின் மகன். ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜென்ஸியில் கிளார்க் வேலை. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆபீசில் ஆக்சிடெண்ட் என்ற சொல் ஆளுக்கொரு வேலை செய்தது.

துரைக்கு அது சிவப்பு அட்டை போட்ட ஒரு பெரிய பதிவேடு. மேனேஜரை அப்படித்தான் சொல்வோம், துரை என்று. பதிவேட்டில் நான்கு கட்டங்கள். என்ன நடந்தது, காரணம் என்ன, பொறுப்பு யார், இனிமேல் நடக்காமல் இருக்க என்ன வழி. அந்த நாலாவது கட்டத்தில்தான் துரைக்கு உயிர். அதை அவர் கையாலேயே எழுதுவார். ஒருமுறை ஒரு வெள்ளாடு படியேறி வந்து சரக்குப் பட்டியலில் மூன்று பக்கத்தைத் தின்றுவிட்டது. ‘ஆபீஸ் படிகளில் ஆடுகள் ஏறக் கூடாது’ என்று துரை எழுதினார். அதை அப்படியே இங்கிலீஷில் பலகையாக்கி, ஆட்டின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினோம். பியூன் பொடி போட்டுத் தும்மியதில் முத்திரை அரக்கு கொட்டியது. அன்றிலிருந்து அரக்கு உருக்கும் அறையில் மூக்குப்பொடிக்குத் தடை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாசலிலிருந்து என் நாற்காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினோரு விதிகளைக் கடக்க வேண்டியிருந்தது.

ஹெட் கிளார்க் சாத்தான்குளம் பக்கத்துக்காரர். எனக்கு வேலை பழக்கியவர். அவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம், ‘யாரும் செய்யவில்லை’ என்பது.

“ஏலே, வெள்ளக்காரன் நமக்குக் குடுத்ததுல உருப்படியானது இந்த ஒரு சொல்லுதான்” என்பார். “நம்ம பேச்சுல டம்ளர் உடைஞ்சா ஒடச்சவன் யாருன்னு கேப்பான். இவன் பேச்சுல ஆளே இல்லாம வேலை நடந்துருது பாத்தியா.”

தோணிக்காரர்கள் அந்தச் சொல்லை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் நன்றாகப் புழங்கினார்கள். காத்து திரும்பினால் ஆக்சிடெண்டு. மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்கினால் ஆக்சிடெண்டு. சூசை என்று ஒரு தண்டல் இருந்தார். தோணியை நடத்துகிற தலைவனுக்குத் தண்டல் என்று பேர். நாற்பது வயது, நல்ல உயரம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் “நாலு, ஒரு ஆக்சிடெண்டு” என்பார். அந்த ஐந்தாவதைத்தான் எப்போதும் தோளில் தூக்கிக்கொண்டு திரிவார்.

நான் படித்தவன் இல்லையா, அகராதியைப் புரட்டினேன். எதிர்பாராமல் நடப்பது, அது நல்லதாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. அகராதி எழுதியவர் தூத்துக்குடிப் பக்கம் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காரணக் கட்டத்தில் வெறுமே ‘ஆக்சிடெண்ட்’ என்று எழுதி, பொறுப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டால், சம்பந்தப்பட்ட தோணியின் தண்டலிடமிருந்து கம்பெனி வில்லையைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். சட்டையில் குத்திக்கொள்கிற பித்தளை வில்லை அது. வில்லை போனால் ஜெட்டியில் காலடி வைக்க முடியாது. யுத்தக் காலத்தில் வேறு பிழைப்பும் கிடையாது. யாரும் செய்யாத காரியத்துக்கு எப்போதும் ஒரு தண்டல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றாத வயது.

இனி மணி விஷயத்துக்கு வருகிறேன். மாதா கோயிலில் உச்சிக்குத் திரிகால ஜெபத்துக்கு மணி அடிப்பார்கள். ஆபீஸ் கடிகாரத்துக்கு அது எப்போதும் ஐந்து நிமிஷம் பிந்தும். எங்கள் தோணிக்காரர்கள் அத்தனை பேரும் கத்தோலிக்கர். மணிச் சத்தம் காதில் விழுந்த கணமே இடது கை தலைத்துண்டை எடுக்கும், வலது கை சிலுவை போடும். அவர்கள் யோசித்துச் செய்கிற காரியமில்லை. பிறந்ததிலிருந்து கை தானாகப் போகும். அதனால் ஜெட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே வடத்தை இறக்கிவிடுவார்கள். மணி அடிக்கிற நேரத்தில் எதுவும் அந்தரத்தில் தொங்கக் கூடாது. மணி அடித்ததும் ஜெபம், ஜெபம் முடிந்ததும் சாப்பாடு.

அப்போதுதான் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. யுத்தத்துக்காக என்றார்கள். சூரியன் பன்னிரண்டு காட்டினால் ஆபீஸ் கடிகாரம் ஒன்று காட்டும். துரை என்னைக் கூப்பிட்டு நான்கு கடிதங்கள் தந்தார். சுங்கத்துக்கு ஒன்று, தோணி முதலாளிகளுக்கு ஒன்று, உப்புக் கிடங்குக்கு ஒன்று, மாதா கோயில் சாமியாருக்கு ஒன்று. மணி இனி எத்தனை மணிக்கு அடிக்கும் என்று சாமியாரிடம் கேட்டுவரச் சொன்னார்.

மூன்று கடிதங்களைக் கொடுத்துவிட்டேன். நாலாவதைக் கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் இப்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். உபதேசியார் மகன் நான். ரோமன் கோயில் வளவுக்குள் என் கால் பட்டதே கிடையாது. உள்ளே போனால் சாமியார் முன்னால் முழங்கால் போட வேண்டுமா, கையை முத்தமிட வேண்டுமா, முத்தமிட்டால் நாசரேத்துக்குச் சேதி போகுமா, ஒன்றும் தெரியாது. வாசல் வரை இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பினேன். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடிகாரம் மாறிய முதல் நாள். ஆபீஸ் கடிகாரம் பன்னிரண்டு காட்டியதும் ஜெட்டிக்குப் போய், சாப்பாட்டு நேரம் என்று சொன்னேன். சூசையண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

“கோயில் மணி அடிக்கலியே, கிளார்க்கையா.”

“இனிமே ஆபீஸ் கடிகாரம்தான் அண்ணே. சர்க்கார் உத்தரவு.”

“சரி. கோயிலுக்கு ஆரு சொன்னா?”

“அதெல்லாம் சொல்லியிருப்பாங்க.”

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் இன்றுவரை விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். சொல்லியிருப்பாங்க. கடிதம் என் நெஞ்சுக்கு நேரே பையில் இருக்கிறது, சொல்லியிருப்பாங்களாம்.

அவர்கள் பசிக்காத வயிற்றோடு சாப்பிட்டார்கள். ஒரு மணிக்குச் சரியாக வேலை தொடங்கியது. முதல் உருப்படி, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மரப்பெட்டி. அதற்குள் இருந்தது துரைசாணி அம்மாள் குளிப்பதற்கான இரும்புத் தொட்டி, உள்ளே வெள்ளைப் பீங்கான் பூச்சு. அரிசிக்கு ஊரே திண்டாடுகிற நாளில் அந்தத் தொட்டிக்குக் கப்பலில் எப்படி இடம் கிடைத்தது என்று கேட்காதீர்கள். துரை தானே நேரில் பார்க்க வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். சூசையண்ணனும் ஐந்து ஆட்களும் வடத்தை இழுத்தார்கள். பெட்டி தோணியை விட்டு எழும்பி, ஜெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் உயரத்தில் தொங்கியது. சாப்பிட்டு முடித்தவன் எவனும் உச்சி மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதில்லை. அவர்கள் மணியையே மறந்திருந்தார்கள்.

மணி அடித்தது.

ஆறு இடது கைகள் தலைத்துண்டுக்குப் போயின. ஆறு வலது கைகள் நெற்றிக்குப் போயின. வடம் சர்ரென்று ஓடியது. தொட்டி கடலுக்குள் போயிற்று. தெறித்த தண்ணீரில் எல்லோரும் நனைந்தோம். ஆறு பேரும் அசையாமல், கண்ணை மூடி, பிதா சுதன் சொல்லி முடித்தார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், துரை அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். தொட்டி விழுவதைப் பார்த்துத்தான் அவர்கள் ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தன் தொட்டிக்காக ஆறு பேர் கடவுளைக் கூப்பிட்டதில் மனிதர் உருகிப்போனார். அவரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஆக்சிடெண்ட்?” என்றார்.

“ஆக்சிடெண்ட், சார்” என்றேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். முதல் கட்டத்தில் தொட்டி விழுந்த விவரம். இரண்டாவதில் ‘ஆக்சிடெண்ட்’. மூன்றாவதில் பேனா நின்றது. ஹெட் கிளார்க் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்குக் கடிதம் பற்றித் தெரியும். என் பையில் அது துருத்திக்கொண்டிருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தார்.

“அந்தக் கட்டத்த சும்மா விடு” என்றார் மெதுவாக. “மூணு மாசத்துல உனக்குப் பெர்மனெண்ட் ஆவுது. தண்டலுக்கு எங்கனயாச்சும் பொழப்பு கெடைக்கும்.”

கெட்ட மனுஷர் இல்லை அவர். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் சூசையண்ணன் வந்தார். தோளில் அந்தக் கடைசிப் பிள்ளை. வில்லையைத் தானே கழற்றி என் மேசையில் வைத்தார்.

“எழுதிருங்க ஐயா. மணி அடிச்சா கை போவத்தான் செய்யும். நாளைக்கி அடிச்சாலும் போவும். போகாதுன்னு பொய் சொல்ல முடியாதுல்லா.” பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கோயிலுக்குச் சொல்லியிருப்பாவன்னியளே, அது ஆரு சொல்ல வேண்டியது? அந்த மனுசனும் பாவம், அவருக்கும் வேலை போவுமோன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

குத்திக்காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே அந்த ஆளுக்காகக் கவலைப்பட்டார். எனக்கு அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. பையிலிருந்த கடிதத்தை எடுத்து வில்லைக்குப் பக்கத்தில் வைத்தேன். வேர்வையில் உறை நனைந்து ஒட்டியிருந்தது.

“அது நான்தான் அண்ணே.”

சூசையண்ணன் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அடப் பாவி மனுசா” என்றார். பிள்ளை வில்லையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

இரண்டாவது கட்டத்தில் இருந்த சொல்லை அடித்தேன். ‘கடிதம் கொடுக்கப்படவில்லை’ என்று எழுதி, மூன்றாவது கட்டத்தில் என் பெயரை எழுதினேன். ஹெட் கிளார்க் தலையில் கைவைத்துக்கொண்டார். பதிவேட்டைத் துரையிடம் கொண்டுபோனேன்.

துரை அதைப் படித்தார். அந்த ஆறு பேரும் தன் தொட்டிக்காக ஜெபம் செய்யவில்லை என்பதுதான் அவரை முதலில் வருத்தியது. என் வேலை போயிற்று என்று முடிவு செய்து, நாசரேத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு, அதுவும் எந்தக் கடிகாரப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“நீ ரோமன் இல்லையா?” என்றார்.

“இல்லை சார், நாசரேத்.”

“மணி அடித்தால் உன் கை இப்படிப் போகாதா?” தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

“போகாது சார்.”

துரையின் முகம் மலர்ந்தது. நாலாவது கட்டத்தில் அவர் கையாலேயே எழுதினார்: ‘மணி அடிக்கும் சமயம் வடத்தில் ஒரு புராட்டஸ்டண்ட் இருக்க வேண்டும்.’ அடியில் என் பெயர். கூடவே நிரந்தரம் ஆவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். சூசையண்ணனின் வில்லை துடைத்துத் திருப்பித் தரப்பட்டது.

பத்து நிமிஷம் தாமதித்துத் தூக்கினால் போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நேரத்தை மாற்றச் சர்க்காருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு, தனக்கு இல்லை என்றார் துரை. சாமியாரிடம் கடைசியில் கடிதத்தோடு போனேன். முழங்கால் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. அவர் காபி கொடுத்து, “மணி சூரியனுக்குக் கட்டுப்பட்டது தம்பி, சூரியனுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். தொட்டியைச் சங்கு குளிக்கிறவர்கள் முங்கி எடுத்தார்கள். ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு நண்டு குடியேறியிருந்தது.

ஆக, தினமும் ஒரு மணிக்கு நான் பேனாவை வைத்துவிட்டு ஜெட்டிக்குப் போவேன். அங்கே தரையில் ஒரு இரும்புக் குத்தி உண்டு. வடத்தை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி முனையை என்னிடம் தருவார்கள். அப்படிச் சுற்றினால் ஒரே ஆள் பிடித்தாலும் பாரம் நிற்கும். மணி அடிக்கும். ஆறு பேரும் துண்டை எடுத்து ஜெபம் சொல்வார்கள். நடுவில் நான் மட்டும் நட்டுவைத்த கம்பம்போல வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊரில் இதற்கென்றே வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஹெட் கிளார்க் அதை ‘தேர்’ என்று சொல்லுவார். ‘என்னலே, தேருக்கு நேரமாச்சா’ என்பார். அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது: ‘ரோமரின் மணிக்கு நீ வடம் பிடிப்பதாகக் கேள்விப்படுகிறோம். உன் தாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.’ நான் விளக்கி எழுதிய பதிலில் குழப்பம் இன்னும் அதிகமாயிற்று.

இப்படியே மூன்று வருஷம். திரிகால ஜெபம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கே நிறுத்துவார்கள், எங்கே மூச்சு விடுவார்கள் என்று தெரியும். அதைத் தடுக்க எந்தக் கட்டத்திலும் விதி எழுதியிருக்கவில்லை.

யுத்தம் முடிகிற நேரம். அன்று வந்தது ஒரு ஆலைக்கான எஞ்சின் சக்கரம், வார்ப்பிரும்பு. தொட்டியைவிட நாலு மடங்கு கனம். ஜெட்டியை ஒட்டிக் கட்டியிருந்த தோணிக்குள் இரண்டு பேர் குனிந்து சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் அவர்கள் தலைக்கு மேலே தொங்கியது. வடத்தின் முனை என் கையில்.

மணி அடித்தது. ஒரு வலது கை நெற்றிக்குப் போயிற்று. நெற்றியில் விரல் பட்ட பிறகுதான் அது என் கை என்று எனக்குத் தெரிந்தது.

இடது கையில் வடம் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. ஒரு முழம் ஓடியிருக்கும், நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சூசையண்ணன் இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக் காலை ஊன்றி நின்றார். தலையில் துண்டு அப்படியே இருந்தது. மற்ற ஐந்து பேரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார்கள். கீழே தோணியில் குனிந்திருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

சக்கரத்தைப் பத்திரமாக ஏற்றி வைத்த பிறகு கேட்டேன். “அண்ணே, நீங்க ஏன் துண்டை எடுக்கலை?”

“ஒரு மாசமா எடுக்கலியே” என்றார். “மணி அடிக்கையில உங்க வலது கை துடிக்கத் தொடங்கிச்சு. ஒரு நா இல்லாட்டா ஒரு நா போயிரும்னு தெரியும். எங்க கையப்பத்தி எனக்குத் தெரியாதா.”

“அப்போ ஜெபம்?”

“மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேன். மாதா கையையா எண்ணிக்கிட்டு இருக்கு.” என் இடது உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து அதில் கட்டிவிட்டார்.

சாயங்காலம் ஹெட் கிளார்க் சிவப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என் கைக்கட்டைப் பார்த்தார்.

“ஏலே, இன்னிக்கி எதும் உண்டா?”

எதை எழுதுவது என்று யோசித்தேன். ஒரு மாதம் ஒரு மனிதர் தன் துண்டை எடுக்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு நான்கு கட்டத்தில் எங்கேயும் இடம் இல்லை.

“ஒண்ணும் நடக்கலை சார்” என்றேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டார்.